குப்பைக்கூடை என்று நான் சொன்ன ஃபோல்டர்

எனக்கு அடித்தல் திருத்தல் ஆகாது. பீளமேட்டில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ரஃப் நோட்டில் போட்ட கணக்கை, ஸ்கேல் வைத்து ஓரக்கோடு இழுத்த ஃபேர் நோட்டில் அழகாக எழுதி டிக் வாங்கினால்தான் எங்கள் பள்ளியில் அது கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வேலைகளைப் படமெடுத்து, ஆளுக்கொரு டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ ஃபோல்டரில் ஏற்றவேண்டும் என்று உத்தரவு வந்ததும் நானும் ஓர் உத்தரவு போட்டேன். ஃபேர் நோட்டுப் பக்கம் மட்டும்தான் ஏறவேண்டும். வகுப்பின் வாட்ஸப் குரூப்பிலும் அதை அனுப்பிவைத்தேன்.

எல்லாரும் கேட்டார்கள், ஒருத்தியைத் தவிர. காலாண்டில் கணக்கில் ஃபெயிலானவள். அவள் ஃபோல்டரைத் திறந்தால் அத்தனையும் ரஃப் பக்கங்கள். அடித்து, அதற்கு மேலே எழுதி, தப்பான இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தாள். இது ஃபோல்டரா, குப்பைக்கூடையா என்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, ஒரு பக்கத்தையும் எடுக்கவில்லை. சரியான அழுத்தக்காரி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் பொதுத்தேர்வு நெருக்கடியில் அந்த ஃபோல்டர் பக்கமே நான் போகவில்லை.

பொதுத்தேர்வில் அவள் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானாள். பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்த குரூப்தான் வேண்டும் என்று அப்பாவோடு வந்து நின்றாள். தலைமையாசிரியை மார்க்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கணக்கு இல்லாத குரூப் தருகிறேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் தலையாட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் போனை வாங்கி, ஃபோல்டரைத் திறந்து அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அவர் மோட்டார் பம்ப் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறவர். தனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு, பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். அவர்கள் பட்டறையில் அளவு தப்பிய பீஸை உடனே தூக்கிப் போடமாட்டார்களாம். தப்பிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதி, அடுத்தடுத்த பீஸ்கள் சரியாக வரும்வரை மெஷினுக்கு அருகிலேயே வைத்திருப்பார்களாம். பள்ளி விட்டதும் பட்டறையில் போய் உட்கார்ந்திருந்த மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏனுங்க டீச்சர், ஒருக்கா வட்டம் போட்ட தப்பு மறுக்கா வரலீங்க. புதுசு புதுசாத்தான் தப்புப் பண்ணிப்போட்டிருக்குது. இப்படி ஒரு ஆளு கெடைச்சா எங்க பட்டறையில உடமாட்டாங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழேயும் ஒரு வரியில் காரணம் இருந்தது. 'சமனுக்கு அந்தப் பக்கம் மாத்தினேன், குறியை மாத்தலை.' 'கேள்வியை முழுசாப் படிக்கலை.' ஒரு வருடமாக இது என் கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

தலைமையாசிரியை அவ்வளவு லேசில் இறங்குகிறவர் அல்ல. காலாண்டில் அவள் கோட்டைவிட்ட கணக்கையே எடுத்து, இங்கேயே போடு என்று ஒரு தாளை நீட்டினார். மூன்றாவது வரியில் ஒரு மைனஸை விட்டுவிட்டாள். போச்சு என்று நினைத்தேன். அவள் விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பொருந்தவில்லை. ஒவ்வொரு வரியாக மேலே ஏறிப்போய் அந்த இடத்தை வட்டமிட்டு, மறுபடி போட்டாள். விடை சரி.

"பதினொன்னாவதுல உங்க கணக்கு கிளாஸ்ல வெச்சுக்குவீங்களா?" என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார்.

"வெச்சுக்கறனுங்க மேடம்," என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் அவள்தான் மற்ற பிள்ளைகளின் கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். அதை வாசலில் நின்று பார்க்கும்போது எனக்குத் தலைகால் புரியாத பெருமை. இந்த வருடம் பத்தாம் வகுப்புக்குக் காட்ட நானும் ஒரு ஃபோல்டர் தொடங்கினேன். முதல் பக்கமாக, வாட்ஸப்பில் அனுப்பிய என் பழைய உத்தரவை ஏற்றி, சிவப்பு வட்டம் போட்டேன். பெரிய மனசு பண்ணிய நினைப்போடு அவளிடம் காட்டினேன்.

அவள் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "காரணம் எழுதலீங்களே மிஸ்."

உட்கார்ந்து எழுதினேன்: 'ரஃப் பக்கத்தைப் படித்துப் பார்க்காமலே குப்பை என்று சொன்னேன்.'