ஆறு சுரத்துப் பாட்டு

தெலுக் பங்லிமா காராங் என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள் லோகேஸ்வரி. வயது முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமையானால் செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் கிட்டாரும் கையுமாக இருப்பாள். அவளுடைய ராக் குழுவில் மூன்றே பேர்: டிரம்முக்கு முகுந்தன், இன்னொரு கிட்டாருக்கு பர்வேஸ், பாட்டு எழுதவும் பாடவும் அவள்.

அம்மா இராஜம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பாட்டு வரவில்லை. அம்மாவிடம் மிஞ்சிய பேச்சு ஒரே கேள்விதான்: "எங்கடி போற நீ?" பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். "எங்கயும் போகலம்மா" என்று நாற்பதாவது முறை சொல்லும்போது லோகேஸ்வரியின் குரல் உயர்ந்துவிடும். பிறகு தன்மேலேயே வெறுப்பாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவை அண்ணி குமுதாவிடம் விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கச்சேரிக்கு ஒலிபெருக்கி கட்டப் போன முகுந்தனுக்குக் கைகொடுக்கப் போனாள். மேடையில் இரண்டு பியானோ, வாசிக்க இரண்டு பெண்கள். இருவரும் ஒரே சின்னத் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். சற்று நேரத்தில் ஒருத்தி மட்டும் மயிரிழை முந்தினாள்.

"தப்பு பண்ணிட்டாங்கடா," என்றாள் லோகேஸ்வரி.

"பொறு லா. கேளு," என்றான் முகுந்தன்.

முந்தியவள் இன்னும் முந்தினாள். இரண்டு பியானோவுக்கும் நடுவே, யாருமே வாசிக்காத மூன்றாவது மெட்டு ஒன்று கேட்கத் தொடங்கியது. லோகேஸ்வரி கையிலிருந்த கம்பிச்சுருளைக் கீழே வைத்தாள்.

முடிந்ததும், வாசித்த இருவரில் ஒருத்தியான உஷாராணியிடம் இசைத்தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரே பக்கம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். மினிமலிசம்னு சொல்வாங்க. கொஞ்சத்த எடுத்துக்கிட்டு மெதுவா மாத்திக்கிட்டே போறது. ராக் பாட்டு எழுதுற எத்தனையோ பேர் இதக் கேட்டுத்தான் வேற மாதிரி எழுத ஆரம்பிச்சாங்க. நீங்க எழுதுவீங்களா?"

"எழுதிக்கிட்டிருந்தேன்."

கிள்ளானில் வீட்டுக் கதவைத் திறந்ததும் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை லோகேஸ்வரி பதில் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்டாள். பசியில் கேள்வி வெடுக்கென்று முடிந்தது. தோள் வலிக்கும்போது கடைசி 'நீ' நீண்டது. குமுதா கிளம்பும்போது 'எங்க'வில் பயம் இருந்தது. அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கவில்லை. தான்தான் எல்லாவற்றையும் ஒன்றாகவே கேட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

மறுவாரம் ஆறு சுரத்தோடு செந்தூலுக்குப் போனாள். அவள் ஆறையும் திரும்பத் திரும்ப வாசிக்க, பர்வேஸ் ஐந்தை மட்டும் வாசிக்க வேண்டும். விலகி விலகி, முப்பது தட்டு முடிந்ததும் இருவரும் மறுபடி சேர்வார்கள். மேலே அவள் அம்மாவின் கேள்வியைப் பாடினாள்.

"சோலோ எங்க, நான் தனியா வாசிக்கிற இடம்?" என்று சிரித்த பர்வேஸ், பாட்டு முடிந்ததும் கிட்டாரைக் கழற்றினான். "கோவிச்சுக்காத லோகா. உங்கம்மா வேற பேச்சில்லாம கேக்கறத மேடையில வச்சுப் பாடணுமா? அவங்ககிட்ட கேட்டியா?"

கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று காற்றடித்துப் பார்த்துக்கொண்டே அதை யோசித்தாள். பர்வேஸ் சொன்னது நியாயம். அடுத்த ஞாயிறு சொற்களை எடுத்துவிட்டாள். அவற்றின் நடையை மட்டும் கிட்டாரில் விட்டுவைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சின்ன அரங்கில் எட்டு நிமிடம் வாசித்தார்கள். மூன்றாம் நிமிடத்தில் சிலர் எழுந்து போனார்கள். ஐந்தாம் நிமிடத்தில் முகுந்தன் கணக்கைத் தவறவிட்டு, ஒரு சுற்று சும்மா இருந்து, சரியாக வந்து சேர்ந்தான். இருந்தவர்கள் அசையவில்லை. அது யாருடைய பேச்சு என்று அங்கே மூவருக்கு மட்டுமே தெரியும்.

இப்போது அந்த வழியில் நாலு பாட்டு இருக்கிறது. நாலாவதில் பர்வேஸுக்கு ஒரு சோலோ கொடுத்திருக்கிறாள், இரண்டே சுரத்தில். இன்னொரு சுரம் கேட்டு அவன் இன்னமும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.