வேறு சொற்களில் கேளுங்கள்

கருவடிக்குப்பத்து நெடுமாறனுக்கு வாய் என்பது சாப்பிட மட்டும்தான். கல்யாண வீட்டில் சாம்பார் வாளிக்காரரிடம் "போதும்" என்பதோடு அவனுடைய அன்றைய பேச்சு முடிந்துவிடும். அப்பேர்ப்பட்டவன் எழுதியது என்ன தெரியுமா? தமிழில் பேசும் சாட்பாட்டை யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ள உதவும் ஒரு மென்பொருள் லைப்ரரி. இந்தக் கூத்தை அவனே சொல்லிச் சிரிப்பான்.

மூன்று வருட உழைப்பை இணையத்தில் சும்மா கொடுத்தும் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சரி, நாமே சோதிப்போம் என்று தன் வாட்ஸ்அப் எண்ணிலேயே ஒரு சாட்பாட்டை உட்காரவைத்தான். வருகிற செய்திகளை அதுவே படித்து, அதுவே பதில் போடும். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லும் தொல்லையும் விட்டது பாருங்கள்! அதற்குப் புரியாத வாக்கியங்கள் மட்டும் ஒரு கோப்பில் சேரும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து லைப்ரரியைத் திருத்துவான்.

அந்த ஞாயிறு காலை கோப்பைத் திறந்தவன் துள்ளினான். ஒரே ஆள் ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டிருக்கிறார். என்ன பொறுமை! நன்றி சொல்லலாமென்று பெயரைப் பார்த்தான். காலாப்பட்டில் கட்டிக்கொடுத்த அக்கா செந்தமிழ்ச்செல்வி.

"இனியாவுக்கு ஞாயித்துக்கெழம காது குத்தறோம். நீதான் மடியில வெச்சிக்கணும்."

"மன்னிக்கவும், புரியவில்லை. வேறு சொற்களில் கேளுங்கள்."

"தாய்மாமன் மடியிலதானடா குத்தணும்? வருவியா?"

"மன்னிக்கவும், புரியவில்லை. வேறு சொற்களில் கேளுங்கள்."

பாவி மகள், அது சொன்னபடியே வேறு வேறு சொற்களில் கேட்டிருந்தாள். கடைசி வரி நேற்று வந்தது: "சரிடா. சித்தப்பா மடியில வெச்சிக் குத்திக்கறோம்."

இன்றைக்குத்தான் அந்த ஞாயிறு! நெடுமாறன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். பஸ்ஸில் நின்றபடியே மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தேடினான். சாட்பாட்டுக்கு ஆயிரம் பதில்கள் எழுதிக்கொடுத்தவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இறங்கிய பிறகுதான் கவனித்தான், சீர்த்தட்டு இருக்கவேண்டிய கையில் லேப்டாப் பை இருந்தது.

ஆசாரி வந்துவிட்டார். குழந்தையின் சித்தப்பா பலகையில் உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"மன்னிச்சிடுக்கா."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "புரியல. வேற வார்த்தையில சொல்லு."

வீடே வேடிக்கை பார்த்தது. அவன் பையை வாசலில் போட்டுவிட்டு நேரே உள்ளே போனான். சித்தப்பா சிரித்தபடி எழுந்து இடம் விட்டார். நெடுமாறன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்காவைப் பார்த்துத் தன் மடியைத் தட்டினான்.

"இது புரியுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.