உப்புப் போட்ட ஐஸ்

கொச்சி மட்டாஞ்சேரியில் மீனுக்கு ஐஸ் அடுக்குவது அவர் வேலை. விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அவர் மகளும் என் மகனும் ஒரே வார்டில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார்கள். புற்றணுக்களுக்குத் தேவையான ஒரு சத்தை ரத்தத்தில் இல்லாமல் செய்து, அவற்றைப் பட்டினி போடும் ஊசிதான் இருவருக்கும். மருந்தை நாங்களே வாங்கி, குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும். உறைந்தால் வீரியம் போய்க் கெட்டுவிடும் என்று சிஸ்டர் எச்சரித்திருந்தார்.

அன்று வார்டு வாசலில் அவர் மருந்து கொண்டுவந்த ஐஸ் டப்பாவைத் திறந்தார். குப்பிக்குள் மருந்து கல்லாகியிருந்தது.

“மீனுக்குப் போடுற மாதிரி ஐஸில உப்பு போட்டுட்டேன் அக்கா. சீக்கிரம் கரையாதுன்னு நெனச்சேன்” என்றார். உப்பு ஐஸின் குளிரை இன்னும் கூட்டி, மருந்தையே உறைய வைத்திருந்தது.

வேறு குப்பி கிடைக்க எத்தனை நாளாகுமோ. உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டே நின்றார். கொஞ்ச நேரத்தில் மருந்து பழையபடி தெளிந்துவிட்டது.

யாரிடமும் அதிகம் பேசாத நான் அன்று பேசினேன். “உருகிடுச்சே அண்ணா. சொல்லாதீங்க, யாருக்குத் தெரியும்?”

“என் மோளுக்குப் பச்சைத் தண்ணிய ஏத்தச் சொல்றீங்களா?” என்றார். கோபமே இல்லை.

நேராக சிஸ்டரிடம் போனார். “உறைஞ்சு போச்சு சிஸ்டரே. நான்தான் கெடுத்தேன்.”

குப்பி குப்பைக்குப் போனது. இன்று ஊசி இல்லை என்றதும் அந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து கை தட்டினாள். அவரும் சிரித்தார்.

அதன்பின் அவர்களை நான் பார்க்கவில்லை. என் மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அந்தக் குப்பி அவனுடையதாக இருந்திருந்தால், நான் சிஸ்டரிடம் போயிருப்பேனா?