உட்கார மறுத்தவளும் வியன்னா டாக்டரும்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் மனித மனம் எனக்கு முழுக்கப் புரிந்துவிட்டதென்று உளவியல் எம்.ஏ. இரண்டாம் வருடத்திலேயே முடிவு கட்டியிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஓர் ஆலோசனை மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அங்கே என்னைவிட அதிகம் புரிந்தவர் ஒருவர் இருந்தார். மயிலாப்பூரிலிருந்து வரும் எங்கள் மேற்பார்வையாளர் மேடம்; கல்லூரியில் எங்களுக்குப் பாடம் எடுப்பவரும் அவர்தான்.

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்று தன் விற்பனைப் பெண்ணை எங்களிடம் அனுப்பியிருந்தது. வாடிக்கையாளர் முன்னால் அழுதுவிட்டாளாம். மனநிலை சரியாக இருக்கிறதென்று கடிதம் கொண்டுபோனால்தான் வேலை.

நாற்காலியைக் காட்டினேன். "பரவால்ல மேடம்" என்று சுவரோரமாக நின்றாள். நாற்பதே விநாடியில், "ஒத்துழைக்க மறுக்கிறாள்" என்று மேடம் எழுதிவிட்டார். அனுபவம் என்றால் சும்மாவா?

மேடம் காபி குடிக்கப் போனதும் நானும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன். என் வீட்டுத் தமிழ் தானாக வந்தது.

"குந்துனா இன்னா ஆவும்?"

"கடைல குந்துனா சீட்டக் கிழிச்சிடுவாங்கக்கா. பழகிப் போச்சி. காலு ரெண்டும் வீங்கிக் கீது. அன்னிக்கி ஒரு அம்மா அம்பது பொடவ பிரிக்கச் சொல்லிட்டு ஒண்ணும் நல்லால்லேன்னுச்சி. அளுதுட்டேன். அதுக்குப் போயி பைத்தியம்னு எளுதிடாத."

எங்கள் பாடத்தில் பழைய வியன்னா டாக்டர் ஒருவர் உண்டு. தாழ்வு மனப்பான்மையை ஒருவரின் மண்டைக்குள் மட்டும் தேடாதே, வீடும் சமூகமும் அவரை எங்கே நிறுத்தியிருக்கின்றன என்று பார், அவருக்குச் சமமாக அமர்ந்து பேசு என்றவர். ரங்கநாதன் தெருவைப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறார். அவரை இரண்டு வாரம் உருகி உருகி நடத்தியது எங்கள் மேடம்தான்.

கடிதத்தை டைப் அடித்தேன். "இவருக்கு மனநோய் எதுவும் இல்லை. இவருக்குத் தேவை ஒரு ஸ்டூல்."

"நீ என்ன யூனியன் லீடரா?" என்றார் மேடம். "எங்காத்துல வேலை செய்யறவளும் நாற்காலியில உக்காருன்னா உக்கார மாட்டா. அது அவா சுபாவம்."

"நீங்க நடத்தின பாடம்தானே மேடம்?"

"அது பரீட்சைக்குடி."

ஸ்டூல் வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, வேறு டைப் அடித்து வரச் சொன்னார். டைப்ரைட்டரில் ரிப்பன் தீர்ந்துவிட்டது என்றேன். பொய்தான். கச்சேரிக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் அவள் வந்தாள்.

"வேல கீதுக்கா! மொதலாளி அந்த அடிச்ச லைனத்தான் ரெண்டு தபா படிச்சாரு. டாக்டருங்களே எளுதிட்டாங்களேன்னு பயந்துகினு ஒரு ஸ்டூல் போட்டாரு. பன்னெண்டு பேரு, முறை வெச்சி குந்துறோம்."

பன்னிரண்டு பேருக்கு ஒரு ஸ்டூல். சமூக நீதியை என் கையால் தி. நகரில் இறக்கிவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதை எப்படிச் சாதித்தேன் என்று அவளுக்கு விளக்கத் தொடங்கினேன்.

"அப்பால சொல்லுக்கா. நாலு மணி என் முறை. உட்டா அடுத்தவ குந்திடுவா" என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.