தண்ணியில்லாம ஓடின வண்டி

மொதல்லயே சொல்லிடறேனுங்க, பேய் பிசாசு, காத்து கருப்பு, இதெல்லாம் எனக்கு ஆகாது. பஜார்ல யாராவது புதுசா தாயத்துக் கட்டிக்கிட்டு வந்தாவே "எவ்வளவுக்கு ஏமாந்தே?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கற ஆளு நான். குன்னூர்ல ஒரு டீ ஆபீஸ்ல ரொம்ப வருசமா கணக்கு எழுதறேன், ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு வந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அப்படிப்பட்டவ சொல்றேன், நம்பினா நம்புங்க, நம்பாட்டி உட்டுருங்க. சிரிக்கறதா இருந்தா மட்டும், நான் சொல்லி முடிச்ச பொறவு சிரிங்க.

எங்க ஊட்டுக்காரரு பேரு காதர். ஊட்டி பஜார்ல ஸ்வெட்டர், கம்பளி விக்கற கடை வெச்சிருந்தாரு. அவரோட அத்தா, அதான் அப்பா, வாங்கின ஹெரால்டு கார் ஒண்ணு எங்ககிட்ட இருந்துச்சு. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு அது என்னன்னே தெரியாது. ரெண்டே கதவு, பானெட்டைத் தூக்கினா வண்டியோட மூஞ்சி மொத்தமும் முன்னால கவுந்துக்கும், வெள்ளையும் வெளிர் நீலமுமா அவ்வளவு லட்சணமா இருக்கும். ரோட்டுல போச்சுன்னா டூரிஸ்ட்டுக தங்களோட வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்கி வந்து போட்டோ எடுப்பாங்க. இவரு காலையில எந்திரிச்சா தன் மூஞ்சி கழுவறதுக்கு முன்னால அதோட மூஞ்சியத் தொடைப்பாரு. எனக்குக் காய்ச்சல்னா மாத்திரை வாங்க மறந்துருவாரு, அதுல ஒரு சின்ன சத்தம் வந்துட்டா கடையச் சாத்திட்டு சாமான் தேடி கோயமுத்தூர் வரைக்கும் போவாரு. நான் அதைச் சக்களத்தின்னுதானுங்க கூப்பிடுவேன். அவரும் லேசுப்பட்டவரில்ல, "உன்ற சக்களத்தி ரெடியா நிக்கறா, நீ இன்னும் சேலை கட்டி முடிக்கல"ம்பாரு.

எங்க ஊடு ஊட்டியில பெர்ன்ஹில் பக்கம். அங்க டிசம்பர், ஜனவரியில உறைபனி உழும், காலையில பார்த்தா புல்லு மேல உப்பக் கொட்டினாப்பல கெடக்கும். அந்தக் குளிருக்கு ரேடியேட்டர்ல தண்ணி நின்னா ராத்திரியோட ராத்திரியா உறைஞ்சு இன்ஜின் வெடிச்சிரும். இப்பத்த வண்டிகளுக்கு கூலன்ட்டுன்னு ஒண்ணு ஊத்தி உட்டுடறாங்க, இவரு ஊத்த மாட்டாரு, பழைய பைப்பெல்லாம் ஒழுகிரும்பாரு. அதனால பொழுது சாஞ்சா ரேடியேட்டருக்கு அடியில இருக்கற குழாயத் திருகி தண்ணி பூராவையும் எறக்கி உட்டுருவாரு, காலையில வெதுவெதுன்னு வெந்நீர் வெச்சு ஊத்தின பொறவுதான் சாவி போடுவாரு. முன்னாடியெல்லாம் ஊட்டியில வண்டி வெச்சிருந்த எல்லாரும் அப்படித்தானுங்க பண்ணுவாங்க, கடைசியில இவரு ஒருத்தரு மட்டும் விடாம பண்ணிட்டிருந்தாரு.

அப்படி ஒரு காலையில வெந்நீர்க் குண்டாவத் தூக்கிட்டு ஷெட்டுக்குப் போனவரு திரும்பி வரல. டீ ஆறுதேன்னு போய்ப் பார்த்தா வண்டிக்கு முன்னால விழுந்து கெடக்கறாரு, வாய் ஒரு பக்கமாக் கோணிக்கிச்சு, குண்டா உருண்டு கெடக்குது, ஊத்த எடுத்துட்டுப் போன தண்ணி ஒரு சொட்டு பாக்கியில்லாம தரையில ஆவி பறக்குது. யா அல்லான்னு கத்திக்கிட்டே ரோட்டுக்கு ஓடினேன்.

மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருச்சுன்னு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில சொன்னாங்க. மண்டையத் திறந்து ஒரு ஆபரேசன் பண்ணினாங்க. அதுக்கு என் நகை போச்சு, கடைச் சரக்கு போச்சு, சொந்தபந்தம் குடுத்ததும் போச்சு. அவரு கண்ணத் திறக்கல. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க, சில வாரம் கழிச்சு மறுபடியும் உள்ள ரத்தம் கசியுது, இன்னொரு ஆபரேசன் பண்ணலைன்னா ஆளு தங்க மாட்டாரு, பணத்தைக் கட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. நாங்க இருக்கறது வாடகை ஊடு. விக்கறதுக்குன்னு எங்ககிட்ட மிச்சம் இருந்தது அந்த வண்டி ஒண்ணுதான்.

"நான் மவுத்தாப் போனாலும் இதை வித்துராத"ன்னு ஆயிரம் தடவை சொன்ன மனுசன் அவரு. அதை விக்கறதுக்கு அவரையே கேக்கலாம்னா அவரு கட்டையாட்டம் படுத்திருக்காரு. ஐசியூல உள்ள உட்டப்ப அவரு காதுகிட்டக் குனிஞ்சு, "விக்கட்டுமா? வேண்டாம்னா ஒரு வெரலயாச்சும் அசைங்க"ன்னு கேட்டேன். அசையல. கெஞ்சினேன், திட்டக்கூடத் திட்டினேன், "வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்"னு. நர்ஸ் வந்து என்னை வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த வராந்தாவுல நான் அழுத அழுகை என் ஜென்மத்துக்கும் போதும்.

மேட்டுப்பாளையத்துல இருக்கற என் தம்பி சலீம் ஆளுப் புடிச்சான். திருப்பூர்க்காரரு, வேலுச்சாமின்னு பேரு, பழைய கார் சேக்கறதுல பைத்தியம். வண்டிய ஓட்டிப் பார்த்துட்டு, சரியா இருந்தா அங்கயே பணத்தைக் குடுத்து எடுத்துக்கறேன்னுட்டாரு. நான் என் மக நஸ்ரின ஆஸ்பத்திரியில உட்டுட்டு பஸ் ஏறி ஊட்டிக்கு வந்தேன்.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் வந்தாங்க. தார்ப்பாய எடுத்ததும் அந்தத் திருப்பூர்க்காரரு மூஞ்சியப் பார்க்கணுமே, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டாரு. சலீம் சார்ஜ் ஏத்தின பேட்டரியக் கொண்டாந்து மாட்டினான். அவரு பானெட்டைக் கவுத்து ஆயிலப் பார்த்தாரு, ஒயரப் பார்த்தாரு. "தண்ணியெல்லாம் இருக்குதுங்களா அம்மணி?"ன்னாரு. எனக்கு நெனப்பெல்லாம் கையில இருக்கற போன் மேல, ஆஸ்பத்திரியில இருந்து என்ன சேதி வருமோன்னு. "எல்லாம் இருக்குதுங்க"ன்னுட்டேன். சலீமும் அவரும் கீழ்நாட்டுக்காரங்க, பனிக்குத் தண்ணிய எறக்கற பழக்கமெல்லாம் அவங்களுக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவ நான், நான்தானுங்க மறந்தேன்.

அத்தனை நாள் கெடந்த வண்டி, சாவியத் திருப்பினதும் ஒரே மூச்சுல எந்திரிச்சிருச்சு. முன்னால அவங்க ரெண்டு பேரும், பின்னால நான். லவ்டேல் பக்கம் போனோம், ஏத்தம், எறக்கம், வளைவு, எல்லாத்துலயும் ஓட்டிப் பார்த்தாரு. பகல் நேரந்தான், ஆனா மஞ்சு எறங்கி ரோடு பாதிதான் தெரிஞ்சுது. "தேனாட்டம் ஓடுதுங்க"ன்னு அவரு ஒவ்வொரு வளைவுலயும் சொல்றாரு, எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சுல யாரோ மிதிக்கற மாதிரி இருக்குது. ரொம்ப நேரம் ஓட்டிட்டாரு. அப்பத்தான் நஸ்ரின் போன் பண்ணினா.

"அம்மா, அத்தாவுக்குத் திடீர்னு காய்ச்சல். ஒடம்பு கொதிக்குதும்மா, ஐஸ் வெக்கறாங்க, எறங்கவே மாட்டேங்குது, டாக்டரெல்லாம் ஓடியாறாங்க, நீ வந்துரும்மா"ன்னு கதறுறா. காலையில நான் போன்ல கேட்டப்ப காய்ச்சலே இல்லைன்னு சொன்னவ. எப்பருந்துடீன்னேன், இப்ப ஒரு அரை மணி நேரமாத்தாங்கறா. ஐயோ, விக்கப் போறேன்னு மனுசனுக்குத் தெரிஞ்சுபோச்சா? அவ மறுபடியும் மறுபடியும் கொதிக்குது கொதிக்குதுங்கறா. அந்த வார்த்தையக் கேட்டுக்கேட்டுத்தான் எனக்கு அந்த வெந்நீர்க் குண்டா நெனப்புக்கு வந்துச்சு. ஊத்தாம தரையில கொட்டிப்போன தண்ணி. அன்னிக்குப் பொறவு யாருமே தொடாத வண்டி.

"நிறுத்துங்க, வண்டியில தண்ணியே இல்லீங்க"ன்னு கத்தினேன் பாருங்க, அவரு பயந்துபோய் அப்படியே ஓரங்கட்டி இன்ஜின ஆஃப் பண்ணினாரு. "என்ன அம்மணி, இன்ஜினக் கொன்னுட்டீங்களே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு எறங்கினாரு. நான் ரோட்டுலயே உக்காந்துட்டேன். தண்ணியில்லாம அத்தனை தூரம் ஓட்டினா உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், அப்புறம் அது எடைக்குப் போடற இரும்புதான். வண்டியும் போச்சு, பணமும் போச்சு, மனுசனும் போச்சுன்னு ஆயிருச்சு எனக்கு.

சலீம் துணியச் சுத்திப் புடிச்சுக்கிட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ரேடியேட்டர் மூடியத் திறந்தான். ஆவி இல்ல, சத்தம் இல்ல. உள்ள வெரல உட்டுப் பார்த்தான், துளி ஈரம் இல்ல. திருப்பூர்க்காரரு இன்ஜின் மேல கைய வெச்சாரு, வெடுக்குன்னு எடுத்தாரு. சுட்டுருச்சாக்கும்னு நெனச்சேன். மறுபடியும் வெச்சாரு. அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மணி, நீங்க வந்து தொட்டுப் பாருங்க"ன்னாரு.

தொட்டேனுங்க. ஜில்லுன்னு இருந்துச்சு. பனியில ராத்திரி பூராவும் வெளிய கெடந்த சட்டி எப்படி இருக்கும், அப்படி. அத்தனை நேரம் ஏத்தத்துல ஓடின இன்ஜின். நான் தொட்டேன், என் தம்பி தொட்டான், அந்தாளு தொட்டாரு, மூணு பேரும் பொய் சொல்ல எங்களுக்கென்ன தலையெழுத்தா? பைப்பு, புகைக்குழாய், எதுலயும் சூடு இல்ல. "இது ஆகற காரியமில்லீங்க"ன்னு அவரு ரெண்டு மூணு தடவை தனக்குத்தானே சொல்லிக்கிட்டாரு.

அங்கயே நிக்கறப்ப நஸ்ரின் மறுபடி கூப்பிட்டா. காய்ச்சல் எறங்குதாம், வேர்த்துக் கொட்டுதாம், போர்வையே நனைஞ்சிருச்சாம். எப்பருந்துன்னு கேட்டேன். "இப்பத்தாம்மா, நான் உங்கிட்டப் பேசி வெச்சேனில்ல, உடனே"ங்கறா. நாங்க இன்ஜின ஆஃப் பண்ணின நேரம். நான் ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அவங்க ரெண்டு பேரும் கேட்டாங்க, யாரும் யார் மூஞ்சியயும் பார்க்கல.

பக்கத்து டீக்கடையில தண்ணி வாங்கி ஊத்தினோம். மறுபடியும் வண்டிய எடுத்தோம், இந்தத் தடவை எல்லா வண்டியையும் போல இன்ஜின் சூடாச்சு. நான் நஸ்ரினப் போன்லயே இருக்கச் சொல்லிட்டேன். அங்க காய்ச்சல் ஏறல.

ஊட்டு முன்னால நிறுத்திட்டு திருப்பூர்க்காரரு சொன்னாரு, "உங்க மனசுக்கு வேண்டாம்னு பட்டா உட்டுருங்க அம்மணி, நான் கோவிச்சுக்க மாட்டேன்." நல்ல மனுசன்தான். ஆனா நான் என்னங்க பண்ணுவேன்? விக்காட்டி ஆபரேசன் இல்ல, ஆளு இருக்க மாட்டாரு. வித்தா, இந்த மனுசனோட உசுர எவனோ ஒருத்தன் கையில சாவியாக் குடுத்து அனுப்பற மாதிரி. முன்னால போனா கடிக்குது, பின்னால வந்தா ஒதைக்குதும்பாங்களே, அப்படி நின்னேன். கடைசியில எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன். தண்ணி மட்டும் மறந்துராதீங்க, ஒரு நாளும் மறந்துராதீங்கன்னு ரோட்டுல நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன். எங்க குலசாமி மேல சத்தியம்னு அவரு சொன்னாரு. வண்டி வளைவு திரும்பறப்ப, அந்தச் சக்களத்திக்காக நான் வாய்விட்டு அழுதேன்.

ஆபரேசன் நடந்துச்சு. அவரு பொழச்சுட்டாரு. ஊட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். வலது பக்கம் மட்டும் கையும் காலும் வராது, அது செத்தது செத்ததுதான்னு டாக்டரு சொல்லிட்டாரு. ரெண்டு மூணு வார்த்தை குழறிக் குழறிப் பேசுவாரு. வண்டியப் பத்தி இதுவரைக்கும் கேக்கல, நானும் சொல்லல.

ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சன்னலோரம் நாற்காலியில உக்காந்திருக்கறப்ப, அந்தச் செத்த வலது காலு, வண்டியில ஆக்சிலேட்டர மிதிக்கறாப்பல தரைய அமுத்தும். மெதுவா அமுத்தி, உட்டு, மறுபடி அமுத்தும். கை காலுக்குப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு அது நரம்பு இழுக்கறதுன்னு சொல்லுது, இருக்கலாம். ஆனா திருப்பூர்க்காரரு ஞாயித்துக்கிழமைதான் அந்த வண்டிய வெளிய எடுக்கறாரு, எடுக்கறப்பெல்லாம் போன் ஸ்டேட்டஸ்ல வீடியோ போடறாரு. நான் ஒரு கண்ணுல போனையும் ஒரு கண்ணுல காலையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவரு வண்டிய எடுக்காத வாரம் காலும் அசையல. போகப்போக அந்தக் கால் அசைஞ்சாத்தான் எனக்கு நிம்மதின்னு ஆயிப்போச்சு.

போன மாசம் அந்தாளு அவராவே கூப்பிட்டாரு. இன்ஜின்ல ஒரு சத்தம் வருதாம், எறக்கிப் பிரிச்சு வேலை பாக்கணுமாம். பிரிச்சா இவருக்கு என்ன ஆகுமோ, பிரிக்காதீங்கன்னு கெஞ்சினேன். "அன்னிக்கு நடந்ததை நானும் மறக்கலீங்க அம்மணி. ஆனா பிரிக்காம ஓட்டினா ஒரு நாள் நடுரோட்டுல நின்னுபோயிரும், நான் எதைச் செய்யட்டும், நீங்களே சொல்லுங்க"ன்னாரு. திருப்பி வாங்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்குது? யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சுட்டேன்.

நேத்து ஞாயித்துக்கிழமை. ஸ்டேட்டஸ் எதுவும் வரல. இவரு பாட்டுக்கு டீ கேட்டாரு, குடிச்சாரு, டிவியப் பார்த்துச் சிரிச்சாரு. காலு மட்டும் அசையல. வண்டிய எடுக்கலையா, இல்ல இன்ஜின எறக்கிட்டாங்களான்னு கேக்கலாம்னு அந்தாளுக்குப் போன் போட்டேன். பெல் போகுது, எடுக்கல. இன்னிக்கும் காலையில இருந்து போட்டுக்கிட்டேதானுங்க இருக்கேன்.