வண்டிக்கு முன்னால் விட்ட இடம்

கைகள் முதலில் துணியைத் தடவிச் சுருக்கம் நீக்குகின்றன. பிறகு அட்டை அச்சுகளை அதன்மேல் வைக்கின்றன. முன்பக்கம், பின்பக்கம். கக்கத்து வளைவில் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. கைக்கான அச்சைத் தலைகீழாகத் திருப்பி அதற்குள் செருகுகின்றன. மூலையில் கழுத்துப்பட்டி. சாக்பீஸால் கோடு போட்டு முடித்தபின் இரண்டு அச்சுகளுக்கு நடுவே விரல் நுழையாது. அப்படி வெட்டினால்தான் ஒரு தான் துணிச்சுருளில் ஒரு நைட்டி கூடுதலாகக் கிடைக்கும்.

அந்தக் கைகள் உம்மல் குல்சுமுடையவை. கோவை கோட்டைமேட்டில், தன் வீட்டு மாடியில் நைட்டி வெட்டுகிறார். பழைய நைட்டி ஒன்றின் தையலைப் பிரித்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்ட தொழில். அவர் வெட்டுவதைத் தைப்பவர் பொற்கொடி. தைத்ததை மூட்டை கட்டி, பொற்கொடியின் சிவப்பு ஸ்கூட்டியில் வைத்து, இருவருமாகக் கடைகளுக்குக் கொண்டுபோவார்கள்.

கிணத்துக்கடவில் பொற்கொடி வீடு கட்டி முடித்துவிட்டார். பால் காய்ச்சுவதற்கு அழைக்க வந்தபோதே சொல்லிவிட்டார்:

“கடியாரம் மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்கக்கா. எங்க நாத்தனா ஊட்டுல வந்தவங்க அத்தன பேரும் கடியாரந்தான். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மணி காட்டுது.”

“அப்ப உன்ற சொவுத்துல என்னதான் மாட்டுவ?”

“அதுலயும் வில்லங்கமுங்க. புட்டி பூசி வழவழன்னு வெச்ச சொவுறு ஆணி அடிச்சா கெட்டுப்போயிருமாம். ஹால்ல ஒரே ஒரு ஆணிதான் அடிக்க உடுவேங்கறாரு எங்க ஊட்டுக்காரரு. அவங்கண்ணன் ஏழு குதிரை ஓடற படம் வாங்கி வெச்சிருக்காராம்.”

“குதிரைச் சந்தை நடக்கற அந்தியூர்க்காரரு. குதிரை இல்லாம வருவாரா?”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஒற்றை ஆணியின் மேல் குல்சுமுக்குக் கண் விழுந்துவிட்டது. கடையில் வாங்கும் எதுவும் குதிரையை ஜெயிக்காது. வெட்டு மிச்சத் துணிகளை ஒட்டி ஒரு படம் செய்யலாம் என்று நினைத்தார். உக்கடம் குளக்கரை ரோட்டில் ஸ்கூட்டி போகிறது, பின்னால் மூட்டை. ஆள் வேண்டாம். முகமே இல்லாமல், அது தாங்கள் இருவரும்தான் என்று பொற்கொடிக்குத் தெரியவேண்டும்.

அட்டையில் சாயமேற்றாத வெளிர்நிறக் காடாத்துணியைச் சுற்றி இழுத்துப் பிடித்து, அதன்மேல் துண்டுகளை வெட்டி அடுக்கினார். குளம், மேம்பாலம், பஸ், தென்னைகள், மீன்கடை, கட்டடங்கள். நடுவில் சிவப்பு ஸ்கூட்டி. எங்கெல்லாம் காடா தெரிந்ததோ அங்கெல்லாம் ஒரு துண்டு. பசை தடவாமல் குண்டூசி மட்டும் குத்தினார். கோடு சரியென்று தெரியாமல் கத்தரி எடுக்காத பழக்கம்.

சாவிக்கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த கணவர் அப்துல் கையூமிடம் காட்டினார்.

“ஏனுங்க, இதுல என்ன தெரியுது?”

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். “பாலம் தெரியுது. பஸ்ஸு. அது மீன்கடையா?”

“வண்டி தெரியலீங்களா?”

“எந்த வண்டி?”

குல்சும் துருத்திக்கொண்டிருந்த ஒரு குண்டூசியை அழுத்திக் குத்தினார்.

“இல்ல குல்சு, நல்லாத்தான் இருக்குது. குளுருக்குப் போத்திக்கலாம்.”

அவர் கடைக்குத் திரும்பியபின் குல்சும் படத்தை எதிர்ச்சுவரில் சாய்த்துவைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்த்தார். இரண்டு தான்களின் சாயம் ஒத்துப்போகிறதா என்று அவர் அப்படித்தான் பார்ப்பார். வண்டி காணாமல் போயிற்று. சிவப்பும் அதன் பின்னால் இருந்த தென்னையின் கரும்பச்சையும் ஒரே இருட்டாகக் கலந்திருந்தன. கண்ணை முழுதாகத் திறந்தால்தான் அவை வேறு வேறு நிறம்.

தென்னையின் ஊசியை உருவினார். வெளுத்த காடாவின்மேல் சிவப்பு எழுந்து நின்றது. பஸ்ஸை எடுத்தார், பாலத்தை எடுத்தார், மீன்கடையையும் கட்டடங்களையும் மற்றத் தென்னைகளையும் எடுத்தார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் வண்டி பெரிதானது. அதன் அளவு மாறவேயில்லை.

அப்புறமும் ஏதோ இடித்தது. நைட்டியில் பூவேலை நெஞ்சுக்கு நேர் நடுவில் வரும் என்பதால் வண்டியையும் நடுவில் வைத்திருந்தார். ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியதுபோல் இருந்தது. இடது ஓரத்துக்குத் தள்ளினார். வண்டி கிளம்பிவிட்டது. படத்தைச் சரிபாதியாக அறுத்துக்கொண்டிருந்த குளத்தை மேலே ஏற்றி, ஒல்லியான நீலப்பட்டையாக்கினார். மூட்டையைக் கொஞ்சம் சாய்த்தார். ஒருநாள் வளைவில் அது சரிந்து, பின்னால் உட்கார்ந்திருந்த தன்னையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

வலது பாதி முழுவதும் காலி. கை தானாகவே துண்டுக் குவியலுக்குப் போயிற்று. இவ்வளவு துணியைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு வெள்ளைக் கொக்கை வெட்டி, கறுப்புக் கரை கட்டி வலது ஓரத்தில் வைத்தார். அழகான கொக்குதான். ஆனால் கண் நேராக அதனிடம் போய் உட்கார்ந்துகொண்டது, வண்டியை மறந்துவிட்டது. கொக்கை எடுத்து ஊசிப்பெட்டிக்குள் போட்டு மூடினார். மறுநாள் வெளிச்சத்தில் இன்னொருமுறை பார்த்தார். அந்தக் காலி இடத்தில்தான் வண்டி போகவேண்டும். பசை தடவினார். கையூமிடம் மறுபடி காட்டவில்லை.

கிணத்துக்கடவு வீட்டில் சாம்பிராணி வாசனை. ஹாலின் மூலையில் கடிகாரப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆணிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், ஏழு குதிரைகள் சுவரில் சாய்ந்து நின்றன. கையூமோடு வந்த குல்சும் வாசலிலேயே நின்று, படத்தைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தார்.

ஹாலின் அந்தக் கோடியில் பால் தம்ளர்களோடு நின்ற பொற்கொடியின் கணவர் ரங்கராஜ் நிமிர்ந்து பார்த்தார். “ஏ பொற்கொடி, உன்ற வண்டி வந்திருக்குது பாரு! மூட்டை சாயுது, புடி!”

கையூம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். குல்சும் அவரைப் பார்க்கவில்லை.

பொற்கொடி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். சாய்ந்த மூட்டையில் விரலை வைத்தார். “அக்கா, இது நாம கீழ உழுகப் பாத்த அன்னிக்குத்தானுங்க?” விரல் வலப்பக்கமாக நகர்ந்து, காடாவின்மேல் ஒன்றிலும் தட்டாமல் ஓரம்வரை போயிற்று. “இங்க ஒண்ணுமே வெக்கலீங்களா?”

“நீ போறதுக்கு எடம் கண்ணு.”

ரங்கராஜின் அண்ணன் தொண்டையைச் செருமினார். “அப்பக் குதிரைய உள்ரூம்புல மாட்டிக்கலாம். இன்னொரு ஆணி அடி, தம்பி.”

“இன்னொரு ஆணியா?” ரங்கராஜ் புதுச்சுவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பொற்கொடி ஈரக் கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு இரண்டையும் நீட்டினார். குல்சும் படத்தை அவற்றில் வைத்தார்.