செத்த ராஜாவுக்குக் குரல் கொடுத்தவர்

அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் உறுமல். வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பது அவர் பிழைப்பு. பழைய கிரேக்கத்து ராஜா ஒருவன் கோட்டை வாசலில் தனியாக நின்று எதிரிப் படையைத் தடுத்துச் செத்துப்போகும் படம் ஒன்று வந்தது. சாவதற்கு முன் அந்த ராஜா ஓர் உறுமல் உறுமுவான். அந்தச் சத்தம் இவருடையது. படம் சக்கைப்போடு போட்டது. அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெங்காயம் வாங்கப் போனால்கூட ராஜா குரலில்தான் விலை கேட்பார்.

அதே படத்தில் சாகிற சிப்பாய்களுக்கு முனக ஆள் தேவைப்பட்டபோது, மனைவியின் தம்பியைக் கூட்டிப் போனவரும் அவர்தான். அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக் காட்டுவார். மச்சினன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிறகு இரண்டாம் பாகம் வந்தது. ராஜாவின் தம்பி கப்பலேறிப் பழிவாங்கப் போகிற கதை. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் தம்பி வேஷத்துக்கு மச்சினனைப் பேச வைத்தார். உறுமலுக்கு ஆவியாக வந்து நாலு வார்த்தை பேசும் வேலை. "செத்தவன் பேசுறதுக்கு நான் எதுக்கு? எவனையாவது வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? மச்சினனுக்குத் தொண்டை கிடையாது, மூச்சு கிடையாது என்று மனைவியின் காது புளிக்கும் வரை ஓதினார்.

படம் வெளியான அன்றே அவளையும் இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனார். பார்க்க அல்ல, படம் மண்ணைக் கவ்வுவதைக் கண்குளிரக் காண. படமும் அவரை ஏமாற்றவில்லை. படமா அது? முதல் பாகத்தில் சண்டையை மெதுவாகக் காட்டியதை ஜனங்கள் ரசித்தார்களாம், அதனால் இதில் ஒருவன் தும்முவதைக்கூட மெதுவாகக் காட்டினார்கள். ஈட்டியை எறிந்தால் அது போய்ச் சேர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். எல்லோருக்கும் எண்ணெய் தடவிய ஒரே வயிறு. கடல் என்று பார்த்தால் பெயின்ட் பிரஷ் கழுவிய தண்ணீர். கதையைத்தான் காணவில்லை. முன்வரிசைக்காரர்கள் கதாநாயகனோடு சேர்ந்து கத்திக் கேலி செய்தார்கள். உறுமல் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. தம்பி கப்பலின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, செத்துப்போன அண்ணனிடம் பேசுகிறான். மச்சினன் கத்தவில்லை. "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு" என்று, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதைப் போலச் சொன்னான். கேலி நின்றுவிட்டது. ஓர் இருமல்கூட இல்லை. ராஜாவின் உறுமலுக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது, இப்படி ஓர் அமைதி கிடைத்ததே இல்லை. உறுமல் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த காட்சியில் மறுபடி சிரித்தார், முன்னைவிடச் சத்தமாக.

மறுநாள் மச்சினன் வீட்டுக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. படம் ஊத்திக்கொண்டதற்கு அவன் குரல்தான் காரணம் என்று கூடத்துக்காரர் பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டிருந்தார். இனி அவனைக் கூப்பிடுவதா வேண்டாமா என்பதை உறுமலைக் கேட்டு முடிவு செய்வாராம்.

"மாமா, படம் குப்பைதான், எனக்கே தெரியுது. நான் எப்படிப் பண்ணியிருக்கேன்? நீங்க சொன்னா நம்புவேன்."

உண்மை உறுமலின் நாக்கு நுனி வரை வந்தது. பாழாய்ப்போன மனிதர், அதை விழுங்கினார்.

"படத்துக்கு ஏத்த குரல், மாப்ளே. ஒண்ணுக்கொண்ணு சளைக்கல."

மச்சினன் தலையாட்டினான். அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். கதவு சாத்தும் வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த இடத்துல நீங்க அழுதீங்க. நான் பாத்தேன்."

"கண்ணுல தூசி" என்றார். கூடத்துக்காரர் கேட்டபோதும் மச்சினனுக்குச் சொன்னதையே சொன்னார். அத்தோடு மச்சினன் ஒலிப்பதிவுக் கூடத்துப் பக்கம் போவதை விட்டான். கொஞ்ச காலம் வேலையில்லாமல் திரிந்து, கடைசியில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலையில் ஒட்டிக்கொண்டான். அக்கா வீட்டுக்கு வருவதும் நின்றது.

ஒருநாள் உறுமலும் மனைவியும் வெளியூர் கிளம்பினார்கள். அவர் பையோடு பேருந்தில் ஏறி, சன்னலோரம் இடம் பிடித்தார். ஒலிபெருக்கியில் மச்சினனின் குரல் வந்தது. வண்டி புறப்படப் போகிறது, யாரும் ஓட வேண்டாம், பார்த்து ஏறுங்கள் என்றது. ஓடி வந்தவர்கள் நடந்தார்கள். மனைவி ஒலிபெருக்கிக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏறு, வண்டி கிளம்புது" என்று சன்னல் வழியாகக் கத்தினார்.

"நீங்க போங்க. என் தம்பி பேசுறான், நான் கேக்கணும்."

இறங்கி அவள் பக்கத்தில் நிற்கலாம்தான். ரோஷம் விடவில்லை. வண்டி அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.